மீற்றர் எந்தப் பக்கம் பார்க்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை, கடையின் இரும்புக் கதவை முழுதாக உயர்த்துவதற்குள் மாமி வந்து நின்றார். எங்கள் ஒழுங்கையில் எழுபது தாண்டிய பெண்கள் எல்லாரும் எனக்கு மாமிதான். இரத்த உறவு தேட வேண்டாம். கைக்குட்டையில் சுற்றிய கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். கண் வைத்தியருக்கு நேரம் எடுக்க வேண்டுமாம். முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு நேரில் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த பிள்ளை, "இப்போது எல்லாம் இணையத்தில்தான் அம்மா" என்று கையை விரித்துவிட்டது. பஸ்ஸில் போனவர் பஸ்ஸிலேயே திரும்பி, இரவு முழுவதும் யோசித்து, விடிந்ததும் என்னிடம் வந்திருக்கிறார்.

கணினியைத் திறந்தேன். பெயர் கேட்டது, கொடுத்தோம். அடையாள அட்டை இலக்கம் கேட்டது, கொடுத்தோம். மின்னஞ்சல் கேட்டது. மாமியிடம் அது இல்லை என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் எத்தனை பேருடைய கண்ணும் காதும் இருதயமும் என் மின்னஞ்சல் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அடுத்து ஆறு இலக்கக் குறியீடு ஒன்று மாமியின் தொலைபேசிக்கு வந்தது. அதைக் கண்டுபிடிக்க, தள்ளுபடி விற்பனையும் லொத்தர் சீட்டும் சுற்றுலாப் பயணமுமாக நிறைந்து கிடந்த குறுஞ்செய்திகளைக் கிளற வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் பெயரிலிருந்து தொடங்கினோம். கடைசியில், "சலுகைகள் பற்றிய செய்திகளை அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்ற பெட்டி. எங்களைக் கேட்காமலே அதில் சரி அடையாளம் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டேன்.

அச்சிட்ட தாளைக் கொடுத்தபோது மாமி பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கண் காட்டுவதற்கு இவ்வளவும் எதற்குத் தம்பி கேட்கிறார்கள்?"

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஐம்பது ரூபாய் வாங்கிய வாயால் அதைச் சொல்வது கூச்சமாக இருந்தது.

இந்த வலைத்தொழில்நுட்பங்களை ஏற்பதா எதிர்ப்பதா என்று எங்கள் வட்டத்தில் ஓயாமல் விவாதம் நடக்கிறது. பின்னேரங்களில் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போனால், ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருப்பார். கைத்தொலைபேசியே வைத்திருக்காதவர். "மனிதன் அடிமையாகிவிட்டான்" என்று தொடங்கினால் நூலகம் பூட்டும் வரை முடிக்க மாட்டார். அவருடைய மின்கட்டணத்தை மாதாமாதம் இணையத்தில் கட்டுவது அவருடைய மருமகள் என்பதை நான் அவருக்கு நினைவூட்டுவதில்லை. மறுபக்கத்தில் என் அண்ணன் மகன். இளநீர் குடித்தாலும் கியூ.ஆர். அட்டையைத் தேடுவான், பணத்தாளைத் தொட்டு மாதக் கணக்காகிறது என்பான், ஏதோ விரதம் காப்பவன் போல. இருவருக்கும் நடுவில் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டால் அழகாக இருக்கும். ஆனால் நடுவில் நிற்பவனுக்குக் கடை இருக்காது. கவுண்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, என் கடையில் கூட்டம் கூடுகிறது. இந்த விவாதத்தில் வருமானம் பார்ப்பவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1994இல் இந்தக் கடையைத் திறந்தபோது பெயர்ப்பலகையில் இருந்த பெரிய எழுத்து ஒன்றுதான்: கொமினிகேஷன். அந்த நாள் வெள்ளவத்தையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தொலைபேசி இல்லை. பாஸ் எடுத்து, செக்பொயின்ற் தாண்டி, கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர்கள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் உள்ள பிள்ளைகளோடு கதைக்க எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான் வர வேண்டும். என் கடையில் மூன்று பலகைக் கூண்டுகள், மூன்று தொலைபேசிகள், என் மேசையில் மூன்று மீற்றர்கள். சிவப்பு எண்களில் நிமிடம் ஓடும்.

முதல் சில மாதங்கள் மீற்றர்கள் என்னைப் பார்த்துத்தான் இருந்தன. எல்லாக் கடைகளிலும் அப்படித்தான். ஒருநாள் ஒரு தகப்பன் கூண்டுக்குள் இருந்து வெளியே வந்தார். மகன் பிரான்சில். தொகையைச் சொன்னேன். சட்டைப் பை, மடி, பழைய தோல் பை எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். போதவில்லை. ஒரு நிமிடத்தின் விலையில் சோற்றுப் பார்சல் வாங்கலாம் என்ற காலம். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். நான் வாங்கவில்லை. ஆனால் அவர் கழற்றிவிட்டார், நான் பார்த்துவிட்டேன்.

அன்று இரவே மூன்று மீற்றர்களையும் திருப்பிக் கூண்டுக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். கதைப்பவருக்கு எண் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். எண்ணைக் கண்டால் ஆட்கள் பாதியில் வைத்துவிடுவார்கள், நீ பிச்சை எடுப்பாய் என்றார். முதல் மாதம் அவர் சொன்னபடிதான் நடந்தது. பிறகு, "மீற்றர் தெரிகிற கடை" என்று லொட்ஜுகளில் பெயர் பரவியது. ஆட்கள் உள்ளங்கையில் குறிப்பு எழுதிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்: அம்மாவின் நோய், காணி உறுதி, தங்கையின் சாதகம், காசு எப்போது. எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, கடைசி இருபது விநாடியை ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்காக மிச்சம் வைத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அழுகிறவர்களுக்காக மீற்றரை நிறுத்தினாயா என்று மகள் ஒருமுறை கேட்டாள். இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறேன். ஆயிரம் பேர் அழுதிருப்பார்கள்.

2002 ஆகஸ்டில் வெளிநாட்டு அழைப்புகளில் டெலிகொம் வைத்திருந்த தனியுரிமை முடிந்தது. அடுத்த ஆண்டு வேறு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைக்க, நிமிடத்தின் விலை மழைக்கால மண்சுவர் போலச் சரிந்தது. அதே 2003இல் இணையவழியே கதைக்கும் ஸ்கைப்பும் வந்தது. இரண்டு கூண்டுகளை உடைத்துப் போட்டோக்கொப்பி இயந்திரம் வைத்தேன். மூன்றாவது கூண்டு இப்போது தாள் அடுக்கும் இடம். ஒரு மீற்றரை மட்டும் எறியாமல் அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன்.

அந்த மீற்றரைத் திருப்பிய இரவிலிருந்து எந்தப் புதுப்பொருள் வந்தாலும் எனக்குள் எழுவது ஒரே கேள்விதான். இதில் மீற்றர் எங்கே இருக்கிறது, அது யாரைப் பார்க்கிறது?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் சில விடயங்களில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. 2015இல் கொழும்பில் முச்சக்கரவண்டியைச் செயலியில் அழைக்கும் வசதி வந்தது. அதற்கு முன் காலி வீதியில் கை காட்டினால் ஓட்டுநர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் சிங்களத்தைக் கேட்பார், பிறகுதான் விலை பிறக்கும். மீற்றர் பூட்டிய வண்டிகளிலும் சில மீற்றர்கள் குதிரை போல ஓடும். செயலியோ ஏறுவதற்கு முன்பே தொகையைச் சொன்னது. என் மனைவி தனியாகக் கொட்டாஞ்சேனைக்கு அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவளுக்கு அது தொழில்நுட்பம் அல்ல, வாய்த்தர்க்கம் இல்லாத பயணம். (நீ போகும் இடமெல்லாம் அந்தச் செயலி குறித்து வைக்கிறதே என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். "அக்கா வீட்டுக்குத்தானே போகிறேன், எழுதட்டும்" என்றாள்.)

2022 எரிபொருள் வரிசையையும் மறக்க முடியாது. வண்டிக்குள்ளேயே ஆட்கள் உறங்கிய நாள்கள் அவை. யூலையில் கியூ.ஆர். முறை வந்தது. வாகன இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் கொடுத்துப் பதிந்தால் ஒரு சதுரப் படம் கிடைக்கும். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. அந்தச் சதுரத்தை அச்சிட்டு லமினேற் செய்து கொடுத்த அந்த மாதத்தில் என் இயந்திரம் இரண்டு தடவை சூடேறி நின்றது. அமைச்சரின் ஆளுக்கும் அதே சதுரம், மீன் வண்டிக்காரருக்கும் அதே சதுரம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது, இந்த வாரம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்காரருக்கே தெரிந்தது. மீற்றர் அவரைப் பார்த்தது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அந்த முறையை நிறுத்தினார்கள். நாங்கள் பதிந்த செசி இலக்கங்களும் அடையாள அட்டை இலக்கங்களும் பிறகு என்ன ஆகும் என்று வரிசையில் நின்றபோது எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெற்றோல் இல்லாதவனுக்கு அந்தக் கேள்வி வராது.

எழுத்து விடயத்திலும் நான் முழு மனதோடு புதுமையின் பக்கம். தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விரியும். எங்கள் மெய்யெழுத்தின் புள்ளிகள்தான் அந்த அரைப்புள்ளிகள். கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரம் ஒன்று அப்படிப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தவர்கள் யார் இறந்தார் என்று கேட்டுத் தொலைபேசியெடுத்தார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவிய பிறகுதான் தமிழ் எங்கே போனாலும் தமிழாகவே போய்ச் சேர்ந்தது. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்துபோனதாக நான் நினைத்திருந்த வகையான சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். என் தகப்பனார் படித்த பாடசாலையின் பழைய மலர் ஒன்றை அங்கே கண்டேன். உதைபந்தாட்டக் குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். அவரிடம் அந்தப் படம் இருந்ததில்லை. இருந்த வீடு 1983 கலவரத்தில் போய்விட்டது. அந்தப் பக்கத்தைத் திறக்க எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

இனி, கேட்பவர்களைப் பற்றி.

நான் கடை திறந்த அதே 1994இல், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி என்ற இளம் பொறியாளர் குக்கியை உருவாக்கினார். ஒரு தளம் எங்கள் உலாவியில் வைத்துவிட்டுப் போகும் சிறு துண்டு அது. அடுத்த முறை போனால் அந்தத் துண்டைப் பார்த்து, "நேற்று வந்தவர்தானே" என்று தளம் அறிந்துகொள்ளும். இல்லாவிட்டால் இணையக் கடையில் கூடைக்குள் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் மறைந்துவிடும். தேவையான பொருள்தான். எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள பலசரக்குக் கடைக்காரர், நான் போனதும் கேட்காமலே மைசூர்ப் பருப்பை நிறுக்கத் தொடங்குவார். அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதே கடைக்காரர் நான் மருந்துக்கடைக்குப் போனால் பின்னால் வந்து நின்று, கோயிலுக்குப் போனால் தூணோரம் நின்று, சங்கத்து நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்று குறித்து, மறுநாள் நான் வாங்கும் பருப்போடு அதற்குரிய விளம்பரத்தையும் சேர்த்துக் கட்டித் தந்தால்? விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் தம் துண்டுகளை வைத்துச் செய்தது இதைத்தான். சஃபாரி உலாவி 2020இல் அத்தகைய மூன்றாம் தரப்புத் துண்டுகளை முழுதாகத் தடுத்தது. தன் குரோம் உலாவியில் அவற்றை ஒழிப்பதாக அதே ஆண்டு அறிவித்த கூகுள், பல தடவை தள்ளிப்போட்டு, 2025இல் அந்த எண்ணத்தையே கைவிட்டது. உலாவியும் விளம்பரமும் ஒரே முதலாளியிடம் இருந்தால் மீற்றர் எந்தப் பக்கம் பார்க்கும் என்று கொமினிகேஷன் கடை வைத்திருந்த எவரும் சொல்லுவார்.

இதைச் சொல்லும்போது அண்ணன் மகன் கேட்பான்: "சித்தப்பா, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?"

ஒன்றும் இல்லை. 1983 யூலையில் எங்கள் வீட்டிலும் மறைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. ஒழுங்கைக்குள் வந்தவர்கள் வீடு வீடாகத் தேடித் திரியவில்லை. சிலருடைய கையில் தாள்கள் இருந்தன. வாக்காளர் பட்டியல். தேர்தலுக்காக, எங்கள் சொந்த உரிமைக்காக, என் தகப்பனாரே கையெழுத்திட்டு நிரப்பிக் கொடுத்த விவரம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறைக்குள் இருந்து நாங்கள் புகையைப் பார்த்தோம். பிறகு அகதி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல், எல்லாரும் எழுதிய கதைதான். நான் திரும்ப எழுதவில்லை. எனக்குள் தங்கியது அந்தத் தாள். பட்டியலை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை.

கடை திறந்த பிறகும் அந்தத் தாள் வேறு உருவத்தில் வந்தது. யுத்த காலத்தில் வீட்டில் தங்கியிருப்பவர்கள் எல்லாருடைய விவரத்தையும் பொலிசில் பதிய வேண்டும். அந்தப் படிவத்துக்குப் போட்டோக்கொப்பி என் கடையில். ஊரிலிருந்து வந்த மருமகள், வெளிநாட்டுக்குக் காத்திருக்கும் பையன், சத்திரசிகிச்சைக்கு வந்த பாட்டி, எல்லாரும் ஒரு தாளில். ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கினேன். அந்தக் காசில்தான் மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து.

ஆகவே ஒரு துணிக்கடையில் தள்ளுபடிக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்டால் எனக்கு வயிறு இறுகுகிறது. எங்கள் இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்ணாக இருந்தால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 2016 தொடக்கம் வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகியதே தவிர முறை மாறவில்லை. அதோடு பெயரையும் கொடுத்தால், இந்த நாட்டில் பெயர் என்ன சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம், "இலக்கம் தராமல் முழு விலைக்கே வாங்குகிறேன்" என்பேன். அந்தப் பிள்ளை பாவம், என்னை ஏதோ வரி ஏய்ப்பவன் போலப் பார்க்கும். என் மனைவி பார்க்கும் பார்வை அதைவிட மோசம், ஏனென்றால் தள்ளுபடி போவது அவளுடைய சேலையில். 2022இல் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதைப் பிறகு தள்ளிப்போட்டார்கள். சேலைகள் தள்ளிப்போடப்படவில்லை.

என் கையும் சுத்தமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை என் மேசை இழுப்பறையில் ஒரு கொப்பி இருந்தது. நாற்பது பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி, பிள்ளைகள் எழுதும் வகை. ஒழுங்கையில் உள்ள வயதானவர்களின் கடவுச்சொற்கள் எல்லாம் அதில். அவர்கள்தான், "நீங்களே எழுதி வைத்திருங்கள் தம்பி, எனக்கு மறந்துவிடும்" என்றார்கள். உதவி என்றுதான் நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் இரவு நோர்வேயிலிருந்து ஒருவர் அழைத்தார். "அண்ணை, அம்மாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். தங்கை எடுத்துவிடுகிறாளோ என்று ஒரு சந்தேகம்." மரியாதையான மனிதர், அம்மாவுக்கு மாதம் தவறாமல் அனுப்புகிறவர். நான் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தும்விட்டேன். அம்மாவின் பெயர், அதன் கீழே பேரனின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல், என் கையெழுத்தில். அப்போது உறைத்தது. இழுப்பறைக்குள் நான் வைத்திருந்ததும் ஒரு பட்டியல்.

"அம்மாவையே கேளுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் செட்டியார் தெருவுக்குப் போகிற வழியில் புறக்கோட்டையில் சிறு கொப்பிகள் மொத்தமாக வாங்கி வந்தேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை எழுதிக் கொடுத்து, பெரிய கொப்பியைக் கிழித்து, அந்தத் துண்டுகளையும் எரித்தேன். மாமி ஒருவர் கோபித்துக்கொண்டார். "அலுப்பு என்று கழற்றிவிடுகிறீர்கள்" என்றார். இன்னொருவர் கொப்பியைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார். விபூதி படிந்து கடவுச்சொல்லின் பாதி தெரிவதில்லை, மாதம் ஒருமுறை புதிதாக எழுதுகிறோம்.

வேறொரு மீற்றரும் இருக்கிறது. பக்கத்தின் எடை. இன்று சாதாரணமான ஒரு இணையப்பக்கம் திறப்பதற்கு இரண்டு மெகாபைட்டுக்கு மேல் இறங்குகிறது. என் கடையில் இன்னும் ஒரு டப்பா நிறைய ஃபிளொப்பி டிஸ்குகள் இருக்கின்றன. ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். ஒரு செய்தித் தலைப்பைப் படிக்க அந்த டிஸ்கில் இரண்டு தேவை. செய்தி சில கிலோபைட்தான். மிச்சம் படமும், தானாக ஓடும் காணொளியும், யாரோ எங்களை எண்ணுவதற்கான நிரல்களும். முற்பண டேட்டா வாங்கும் வீட்டுப் பணிப்பெண் ஒருவர் என்னிடம் வந்து, "ஒன்றும் பார்க்கவில்லை ஐயா, எப்படி முடிந்தது?" என்று கேட்டால், அது என் கூண்டிலிருந்து வெளியே வந்த அந்தத் தகப்பனின் முகம்தான். முடிவில்லாமல் கீழே இழுத்துக்கொண்டே போகும் திரையை 2006இல் உருவாக்கிய ஏஸா ரஸ்கின் பிறகு அதற்காக வருந்தியிருக்கிறார். வீரகேசரிக்குக் கடைசிப் பக்கம் உண்டு. மடித்து வைத்துவிட்டு எழும்பலாம்.

இவ்வளவும் சொன்னபின் உண்மையையும் சொல்ல வேண்டும். என் தொலைபேசியில் வட்சப் இருக்கிறது. 2016இலிருந்து அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் செய்தியைப் படிக்க முடியாதபடி அதைப் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் யார் யாரோடு, எப்போது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். மீற்றர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தே வைத்திருக்கிறேன். மகள் ரொறன்ரோவில். கொள்கை பேரப்பிள்ளையின் முகத்துக்கு ஈடாகுமா? ஆகாது. முயன்று பார்த்தேன், மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன்.

ஆனால் கடையின் பழைய கம்பித் தொலைபேசியை நான் வெட்டவில்லை. மாதம் வெறும் வாடகைதான், வருமானம் இல்லை, மனைவிக்கு எரிச்சல். 2019 ஏப்ரல் 21 ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்த அன்று, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்சப்பையும் முடக்கியது. மாத முடிவு வரை அந்தத் தடை இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துத் துடித்துக்கொண்டிருக்க, இங்கே இருப்பவர்களிடம் அவர்களுடைய இலக்கமே இல்லை. எல்லாம் செயலிக்குள் ஒரு முகப்படமாக இருந்தது. அன்று பின்னேரம் ஊரடங்குக்கு முன் ஒரு மணிநேரம், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு என் கடைக்கு வெளியே வரிசை நின்றது. பழைய இலக்கக் கொப்பியில் 1999ஆம் ஆண்டு நான் எழுதி வைத்திருந்த ஜேர்மன் இலக்கம் ஒன்று இன்னும் வேலை செய்தது. எடுத்தவர் முதலில் நம்பவில்லை.

போன ஞாயிறு பேரன் திரையில் வந்தான். ஏழு வயது. வழக்கமாக, "தாத்தா, வணக்கம், நல்லாயிருக்கிறேன், பை" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஓடிவிடுவான். இலவசமாகக் கதைப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். அன்று என் பின்னால் அலுமாரியின் மேல் இருந்த பெட்டியைக் கண்டு அது என்ன என்று கேட்டான். இறக்கித் தூசு தட்டி, மின்சாரம் கொடுத்தேன். பற்றுமா என்று எனக்கே சந்தேகம். பற்றியது. சிவப்பில் பூச்சியங்கள். இதுதான் ஆட்கள் கதைக்கும் நேரத்தை எண்ணும் பெட்டி என்று சொல்லிப் பொத்தானை அழுத்திக் கமராவின் பக்கம் திருப்பி வைத்தேன். எண் ஓடத் தொடங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வரும் வரைக்கும் கதைக்கலாமா என்று கேட்டான்.

பாடசாலையில் பனியில் விழுந்த கதையைச் சொன்னான். அம்மா இடியப்பம் அவிக்கும்போது உரல் உடைந்த கதை. பக்கத்து மேசையில் இருக்கும் பையன் பென்சிலைத் தின்பான் என்ற கதை. பத்து வந்தது, இருபது வரும் வரைக்கும் என்றான். மகள் பின்னால் வந்து நின்று, வாயில் கையை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பெட்டி நினைவிருந்தது.

இருபத்தொன்றில் நிறுத்தினேன். உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "எவ்வளவு வந்தது?"